வியாகுலத்தின் இடது கன்னம்

உப்பளத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்த வியாகுலத்தின் முகம் நாளொன்றுக்கு ஒரு வருஷமாகப் பின்னால் போகத் தொடங்கியபோது, தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மாதாவின் குகை இருப்பதால் கெபித் தெரு என்று பேர் வாங்கிய எங்கள் தெருவில் யாரும் அதற்காக வேலையை விட்டுவிட்டு நிற்கவில்லை. மாதா சுரூபத்தின் கண்ணில் எண்ணெய் வடிந்ததையும், கரையொதுங்கிய சுறாவின் வயிற்றில் பக்கத்து வீட்டுக்காரரின் கல்யாண மோதிரம் கிடந்ததையும் பார்த்த தெரு அது. ஒரு முகம் வந்த வழியே திரும்பிப் போவதைப் பார்க்கவும் அதற்குக் கண் இருந்தது.

உப்பளத்தில் வெயில் இரண்டு தடவை அடிக்கும், வானத்திலிருந்து ஒரு தடவை, வெள்ளைப் பாத்தியிலிருந்து ஒரு தடவை. மேலிருந்து வருவதற்குத் தலையில் துணி கட்டலாம், கீழிருந்து வருவதற்கு என்ன கட்டுவது? பதினேழு வயதில் பாத்தியில் இறங்கிய வியாகுலம் ஐம்பத்தேழு வயதில் கரையேறியபோது, நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் தோல் மடிந்து மடிந்து, கசக்கிப் போட்ட காகிதத்தை யாரோ அவசரமாக விரித்து வைத்ததுபோல் இருந்தாள். அதைப் பற்றி அவள் குறைப்பட்டதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி அவள் வீட்டில் மகள் ஜெனிட்டா தலை வாருவதற்காக மாட்டி வைத்தது மட்டும்தான், அதிலும் வியாகுலத்தின் உயரத்துக்கு நெற்றிதான் தெரியும்.

ஆனால் ஒரு வருஷம் சப்பரத் திருவிழாவில், வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி, எதிர்வீட்டுச் செபமாலையிடம், கூட்டத்தில் பக்கத்தில் நின்ற வியாகுலத்தைக் காட்டி, இது உங்கள் மாமியாரா என்று கேட்டுவிட்டாள். செபமாலை வியாகுலத்தின் புருஷனுடைய அக்காள், அவளுக்கு மைனி, ஏழு வயது மூத்தவள். தையல் மிஷினுக்குப் பின்னால் நிழலிலேயே இருந்ததால் அறுபத்தெட்டிலும் முகம் வழுவழுவென்று இருப்பவள். முப்பத்தோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. கேட்டவளைத் திருத்தாமல் செபமாலை லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் வியாகுலத்தை ஊசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஜெனிட்டா நர்ஸாக வேலை பார்த்த தோல் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, முகத்துத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றுகிற சிகிச்சை. வாசல் பலகையில் அதைக் குருத்தணு என்று தமிழில் எழுதியிருந்தார்கள். எந்த உறுப்பாகவும் ஆகாமல், எதுவாக வேண்டுமானாலும் ஆகக்கூடிய இளம் அணு, வாழையின் குருத்துபோல என்று டாக்டர் விளக்கினாராம். தெரு அதற்குக் குருத்து ஊசி என்று பேர் வைத்தது. பெரிய விளம்பரப் பலகையில் முன்னும் பின்னுமாக இரண்டு படம் வைக்க டாக்டருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, மேம்பாலத்திலிருந்து பார்த்தாலும் சுருக்கம் தெரிகிற முகம். ஜெனிட்டா தயங்கித் தயங்கி, என் அம்மா இருக்கிறாள் என்றாள். முகத்தைப் பார்த்த டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு பைசா வேண்டாம் என்றார். நாற்பது நாளைக்கு இரண்டே பத்தியம், வெயிலில் போகக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, சிரித்தால் புதுத் தோலில் மடிப்பு விழுந்துவிடும்.

"சிரிக்கிறதப் பத்திக் கவலைப்படாதீங்க டாக்டரே" என்றாள் வியாகுலம். "அது விட்டு ரொம்ப நாளாச்சு."

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, ஊசி போட்ட முகத்தின் கட்டைப் பிரித்தார்கள். அதை முதல் நாளாக வைத்துத்தான் தெரு பிறகு கணக்குப் பார்த்தது. முதல் நான்கு நாளும் தோல் தெளிந்தது, ஆற்றுநீர் தெளிவதுபோல அடியிலிருந்து. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு கன்னத்திலும் காதுக்கு ஓடும் மெல்லிய கோடு விழுந்திருந்தது. டாக்டர் ஒவ்வாமை என்று களிம்பு கொடுத்தார். ஐந்து வருஷம் முன்னால் ஊரெல்லாம் கட்டிக்கொண்டிருந்த முகக் கவசத்தின் நாடா அது என்று சொன்னவள் பக்கத்து வீட்டு லூர்தம்மாள், மீன் ஏலம் எடுத்துப் பழகியவள், எதையும் ஒரு பார்வையில் மதிப்பவள். யாரும் நம்பவில்லை. மறுநாள் கோடு மறைந்தது. ஒன்பதாம் நாள் வலது கன்னத்தில் நீளவாக்கில் மரத்தின் ரேகை வந்தபோது நம்பினார்கள். ஒன்பது வருஷம் முன்னால் புருஷன் கித்தேரியானின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பு, பலா மரத்துப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்தாளே, அந்தப் பலகை.

அதற்குப் பிறகு காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் வியாகுலத்தின் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்று, இன்றைக்கு என்ன என்று பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு ஒன்றுதான் வரும், அந்த வருஷத்தில் அந்த முகத்தின் மேல் பட்டவற்றில் எதைத் தோல் மறக்கவில்லையோ அது, காலையில் வெளிச்சத்தோடு எழும்பி மறுநாள் வெளிச்சத்துக்கு முன் அமிழ்ந்துவிடும். பதினேழாம் நாள் அம்மைத் தழும்பு வந்தது, வேப்பிலை தடவிய தடத்தோடு. இருபத்தைந்தாம் நாள் தாடையில் நான்கு சின்னப் பல் பதிந்திருந்தது, பல் முளைத்த குஷியில் பிள்ளை கடித்தது. இருபத்தாறாம் நாள் கண்ணுக்குக் கீழே, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு, மூன்று மெல்லிய கீறல். ஜெனிட்டா அம்மாவின் முகத்துக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள், பிறகு தன் விரல் நகத்தைப் பார்த்தாள், பிறகு ஆஸ்பத்திரிக்கு அரை நாள் லீவு சொன்னாள்.

இப்படி எல்லோருக்கும் கண் குளிர்ந்துகொண்டிருந்த நாட்களில் வியாகுலம் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தெருவும் எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தோராம் நாள் செபமாலை அறைந்த வருஷம் வரும்.

செபமாலை அறைந்த வருஷம் என்பது எங்கள் தெருவில் ஒரு காலக் கணக்கு. இன்னார் கல்யாணம் செபமாலை அறைந்ததற்கு முந்தின வருஷம், இன்ன லாஞ்சுப் படகு வாங்கியது செபமாலை அறைந்து இரண்டு வருஷம் கழித்து என்றுதான் பேச்சு. எங்கள் தெரு பெரிய வெள்ளிக்கிழமையில் பாஸ்கா நாடகம் போடும் தெரு. அதில் ஏசுவாக நிற்கிறவர் நாற்பது நாள் விரதம் இருக்க வேண்டும், மீனும் கறியும் கள்ளும் தொடக் கூடாது, ஒருவரையும் கடிந்து ஒரு சொல் சொல்லக் கூடாது, கையை ஓங்கவே கூடாது. விரதம் முறிந்தவர் சிலுவை எடுத்தால் அந்த வருஷம் கடல் வலையைக் காலியாகத் திருப்பிவிடும் என்று நம்பிக்கை. கித்தேரியான் முதன்முதலாக ஏசுவாக நின்ற வருஷம், பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு புதன்கிழமை சாயங்காலம், வியாகுலம் இடது கன்னம் வீங்கித் தண்ணீர்க் குழாய்க்கு வந்தாள். குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், யார் அடித்தது?

முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு அவள் சொன்னாள், மைனி.

ஒரு சொல்தான். செபமாலை தெருவுக்கு வந்து, நான் அடிக்கவில்லை என்றாள். மாதா மேல் ஆணையாக நான் அடிக்கவில்லை என்றாள். பின்னே யார் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. அதுவே குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது. அந்தச் செபமாலைதான் அதுவரை பாஸ்காவில் சிலுவையடியில் நின்று மாதாவின் புலம்பல் பாடுகிறவள். அந்தக் குரல் எழும்பினால் சிலுவையில் தொங்குகிறவருக்கும் கண்ணீர் வரும். பரிசுத்த வாரத்தில் கை நீட்டியவளை மாதாவாக நிறுத்தக் கூடாது என்று தெருவில் முடிவாயிற்று. வேறொருத்தி பாடினாள். அந்த வருஷம் சாளையும் அயிலையும் படகு கொள்ளாமல் வந்தது, கித்தேரியானின் விரதம் சுத்தமானது என்பதற்கு வேறென்ன வேண்டும்? பதினான்கு வருஷம் தொடர்ந்து அவன்தான் ஏசு. முள்முடியோடு அவன் எடுத்துக்கொண்ட படம் தெருவில் பாதி வீட்டில் இருக்கிறது. சேவகன் அறைகிற காட்சியில் அவன் நிஜமாகவே குலுங்கிக் குலுங்கி அழுவான், என்ன பக்தி என்று நாங்களும் சேர்ந்து அழுவோம். அதே நேரத்தில் செபமாலை தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று புலம்பலை முதலிலிருந்து கடைசி வரை பாடுவாள். மேடையில் மைக் இருந்தும் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்கும். கேட்காததுபோல் இருக்க நாங்கள் பழகியிருந்தோம்.

இருபத்தெட்டாம் நாள் வியாகுலம் டாக்டரிடம் போய், இதை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். விதைத்ததைத் திரும்பப் பொறுக்க முடியாது அம்மா என்றார் அவர், வருகிற அடையாளங்களுக்கெல்லாம் நிறமாற்றம் என்று பெயர் எழுதிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பவுடர் அப்பிப் பார்த்தாள். வந்த அடையாளம் பவுடரை உறிஞ்சிக்கொண்டு மேலே நின்றது. மணப்பாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள், அங்கேயும் கன்னம் கூடவே வரும். லூர்தம்மாள் தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தாள், இத்தனை வருஷம் இல்லை இல்லை என்று சாதித்தவளுக்குப் புதன்கிழமை பதில் கிடைக்கும், அவள் கையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிடலாம் என்று. செபமாலையிடமே போய்ச் சொன்னார்களாம். வரட்டும் என்றாளாம் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு.

முப்பதாம் நாள் மத்தியானம் மணி அடித்து ஓய்ந்த பிறகு, தெருவில் நாய்கூட நிழலுக்குப் போய்விட்ட நேரத்தில், வியாகுலம் வெயிலில் இறங்கினாள். டாக்டர் போகக் கூடாது என்று சொன்ன வெயில். எதிர்வீடு பன்னிரண்டு எட்டுத் தூரம். முப்பத்தோரு வருஷமாக அவள் கடக்காத அகலம் அவ்வளவுதான்.

செபமாலை மிஷினில் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மைனி."

"யாரு அது? சத்தம் கெழவிச் சத்தமாட்டு இருக்கு, நெழல் கொமரி நெழலாட்டு இருக்கு."

"நாந்தான் மைனி. வியாகுலம்."

"வாசல் தெரிஞ்சிட்டா? சரி. அதுல ஒக்காரு."

வியாகுலம் உட்காரவில்லை. சுவரில் கித்தேரியானின் முள்முடிப் படம் இங்கேயும் மாட்டியிருந்தது. அதைப் பார்க்காமல், மிஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கு வரப்போறது உங்க கை இல்ல மைனி."

"என் கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அவுக கை."

"தெரியும்."

மிஷின் நின்றது. தெருவில் யாரோ குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

"எப்ப இருந்து தெரியும்?"

"அன்னைக்கு இருந்தே. அவனுக்கு அங்கி தைச்சு, அளவு பாக்கலாம்னு கையில வச்சிக்கிட்டு ஒன் வாசலுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சி. நீ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சி. பெறவு அந்தச் சத்தம். பெறவு அவன் அழுத சத்தம். அங்கிய வாசப்படியிலயே வச்சிட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன் மைனி சொல்லல?"

"இடுப்புல தூக்கி வளத்த தம்பி. நான் எப்படிச் சொல்ல?" செபமாலை உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்லுவேன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு இருந்தேன். அதுக்குள்ள இத்தன வருஷம் ஆயிப்போச்சு."

பிறகு வியாகுலம் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஒருவருக்கும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாருக்கும்கூட முழுதாகச் சொல்லாததைச் சொன்னாள். நாற்பது நாள் பட்டினியில் கித்தேரியானுக்கு வசனம் வாயில் நிற்கவில்லை, சேவகன் அறைகிற இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தான். நீ சேவகனாக நில், என்னை அறை, அறைந்தால் வசனம் வந்துவிடும் என்றான். அவள் கையைத் தூக்கினாள், சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் சிரிப்பு, பானையில் பொங்குகிற சோறுபோல அடக்க அடக்கப் பொங்கியது. மூன்றாம் தடவை அவன், அப்படியில்லை, இப்படி என்றான். அந்தக் கையில் நாற்பது நாள் பசியும், மேடைப் பயமும், எல்லாம் இருந்தது. பிறகு இருவரும் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வேறு யாருடைய கையோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல. அதற்கு முன்பும் அவன் அடித்ததில்லை, பின்பும் அடித்ததில்லை. அவளும் அதற்குப் பின்பு வாய்விட்டுச் சிரித்ததில்லை. குழாயடியில் கேட்டபோது, உண்மையைச் சொன்னால் விரதம் முறிந்தது தெரியும், நாடகம் நிற்கும், வலை காலியாக வந்தால் பழியை எல்லோரும் அவன் தலையில் வைப்பார்கள் என்று நினைத்து, வாயில் முதலில் வந்த பெயரைச் சொன்னாள். அந்தப் பொய் ஒரு நாளைக்குத் தாங்கினால் போதும் என்றுதான் நினைத்தாள்.

"என் பேரு ஒனக்கு அவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு" என்றாள் செபமாலை. அது குத்தலா பாசமா என்று வியாகுலத்துக்கு விளங்கவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது. "நாளைக்குக் காலையில நான் வருவேன்."

"எதுக்கு மைனி?"

"வருவேன்."

புதன்கிழமை காலைப் பூசைக்கு வந்த கூட்டம் அப்படியே வியாகுலத்தின் வாசலுக்கு வந்தது. பூசைக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் தெரு மூலையில், எங்களுக்கு இதில் ஒன்றுமில்லை என்பதுபோல் நின்றார்கள். வியாகுலம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கிழக்கே வைத்துக்கொண்டாள். முப்பது வயது முகம், ஈரம் உலராத களிமண்போல. வெளிச்சம் கெபியின் உச்சியைத் தாண்டி அவள் மேல் விழுந்ததும் இடது கன்னம் சிவக்கத் தொடங்கியது. லூர்தம்மாள் மூக்குக் கண்ணாடியை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

அவள் அதை மாட்டுவதற்குள் செபமாலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் குனிந்து, தன் வலது உள்ளங்கையை வியாகுலத்தின் கன்னத்தின் மேல் வைத்து, சிவப்பு முழுவதையும் மூடினாள்.

"என் கைதான்" என்றாள் தெருவைப் பார்த்து. "அடிச்சேன். ஒத்துக்கிடுதேன். போய் அவங்கவங்க சோலியப் பாருங்க."

முப்பத்தோரு வருஷமாக இல்லை என்றவள் ஆமாம் என்று சொன்னது எங்களுக்கு வெற்றியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை இருந்த விதத்தைப் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது அடித்த கையாகத் தெரியவில்லை. வியாகுலம் கண்ணை மூடி, அந்தக் கையின் கீழ், காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல் கொஞ்ச நேரம் இருந்தாள். அப்படியே இருந்துவிட்டால் எல்லாம் அப்படியே இருந்துவிடும், படங்கள் சுவரில் இருக்கும், செத்தவன் நல்லவனாகவே இருப்பான், செபமாலை அறைந்த வருஷம் செபமாலை அறைந்த வருஷமாகவே இருக்கும்.

பிறகு அவள் தன் இரண்டு கையாலும் மைனியின் கையைப் பிடித்து, மெதுவாகக் கன்னத்திலிருந்து எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க" என்றாள்.

பெருவிரல் கண்ணுக்குக் கீழே இருந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதி விரல்தான் இருந்தது, இரண்டாம் கணுவோடு முடிந்து, அதற்கு மேல் கன்னம் வெள்ளையாக இருந்தது. லாஞ்சின் கயிறு சுற்றுகிற ராட்டில் போன அந்த அரை விரலை அறியாதவர் தெருவில் யாருமில்லை. பதினான்கு வருஷம் அந்தக் கையைச் சிலுவையில் விரித்துப் பார்த்திருக்கிறோம்.

லூர்தம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தாள், அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. வியாகுலம் நடந்ததைச் சொன்னாள், நேற்று மைனியிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. நான் சிரித்துவிட்டேன் என்று அவள் சொன்னபோது, "சிரிச்சா அடிக்கணுமாக்கும்" என்று செபமாலை குறுக்கே சொன்னாள், தம்பிக்குச் சொல்லாமல் வைத்திருந்த கோபம் அப்போதுதான் முதன்முதலாக வெளியே வந்தது. மூலையில் நின்ற ஆண்கள் அங்கிருந்து எப்போது போனார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் லூர்தம்மாள், இப்படி வெயிலில் நிறுத்தியே வைத்திருக்கிறோமே, அவளுக்கு ஆகாதே என்றாள். எல்லோரும் உள்ளே போனோம். ஜெனிட்டா காப்பி போட்டாள், டம்ளர் போதவில்லை, எதிர்வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு எல்லாவற்றையும் தன் வழக்கப்படி சரிசெய்து வைத்துக்கொண்டது. விரதம் முறிந்தும் அந்த வருஷம் மீன் ஏன் வந்தது என்று ஒரு கேள்வி இருந்தது. கடலுக்கு ஆண்களின் விரதத்தைப் பற்றி எப்போதுமே அக்கறை கிடையாது, அது செபமாலையின் மௌனத்துக்கு வந்த மீன் என்று சொல்லி அதை முடித்தார்கள். கித்தேரியானின் படத்தைக் கழற்றலாமா கூடாதா என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடந்தது. கழற்ற வேண்டாம் என்று செபமாலைதான் சொன்னாள். அவன் அந்தக் காட்சியில் அழுதது நிஜம், அதைப் பார்த்து நீங்கள் அழுததும் நிஜம், இருக்கட்டும், ஆனால் மெழுகுவத்தி வேண்டாம் என்றாள். சுவரில் இருந்தவன் சுவரிலேயே இருந்தான், சிலுவையிலிருந்து இறங்கி வந்த ஆள்போல, கொஞ்சம் லேசாக.

ஆனால் பெரிய மாற்றம் வேறு வீடுகளில் நடந்தது. தோல் ஒன்றையும் மறப்பதில்லை, குருத்து ஊசி போட்டால் நாள் கணக்காகத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று அந்தப் புதன்கிழமை எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தது, எல்லா ஆண்களுக்கும் தெரிந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே எங்கள் தெருப் பெண்கள் வரிசையில் நின்று, சிகிச்சைக்குப் பெயர் பதிந்து, நாள் குறித்த சீட்டு வாங்கி வந்தார்கள். டாக்டருக்கு ஆனந்தம். ஆனால் குறித்த நாளில் ஒருத்தியும் போகவில்லை. சீட்டை மாதா படத்துக்குக் கீழே, வருகிறவன் போகிறவன் கண்ணில் படுகிற இடத்தில், ஆணியில் குத்தி வைத்தார்கள். வீட்டில் குரல் உயரும்போது ஒருத்தி அந்தச் சீட்டை எடுத்துத் தூசி தட்டி மறுபடியும் குத்தி வைப்பாள், அவ்வளவுதான், குரல் இறங்கிவிடும். டாக்டர் அந்த வருஷ முடிவிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டார். சீட்டுகள் இன்னும் இருக்கின்றன, காலாவதி ஆகவில்லை.

வியாழக்கிழமை, முப்பத்திரண்டாம் நாள், வியாகுலத்தின் கன்னத்தில் ஒன்றுமில்லை. அறை அமிழ்ந்து போயிருந்தது. நெற்றியில் மட்டும் ஓர் உள்ளங்கையின் சாயல், விரித்து, அழுத்தாமல் வைத்த கை, ஐந்து விரலும் முழுசாக. அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் கிடந்த வருஷம் அது. காய்ச்சல் இறங்கியதா என்று நாளுக்கு நாற்பது தடவை தொட்டுப் பார்த்தவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. லூர்தம்மாள், இதற்குச் செபமாலையின் கையை வைத்துப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, தெருவில் பாஸ்காவுக்குப் பொறுப்பானவர்களைத் தேடிக்கொண்டு போனாள்.

பெரிய வெள்ளி மத்தியானம், கெபிக்குப் பக்கத்து மைதானத்தில், அறுபத்தெட்டு வயதுச் செபமாலை நீலச் சேலை உடுத்திச் சிலுவையடியில் நின்றாள். குரல் பழைய குரல் இல்லை. மேலே ஏறுகிற இடத்தில் இரண்டு தடவை உடைந்தது, உடைந்த இடத்தில் மூச்சு வாங்கி, உடைந்ததை வைத்தே மேலே ஏறினாள். சாத்திய கதவுக்குள்ளிருந்து அத்தனை வருஷம் கேட்டும் கேட்காமல் இருந்த பாட்டு திறந்த வெளியில் வந்தபோது, எங்களில் பலருக்கு அது வரிக்கு வரி தெரிந்திருந்தது. உதடு தானாக அசைந்தது. வியாகுலம் முன்வரிசையில், தலையில் முக்காட்டோடு, வெயிலைப் பொருட்படுத்தாமல் நின்றாள். அன்று முப்பத்து மூன்றாம் நாள், அவள் முகத்தில் ஒன்றும் எழும்பவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டதுபோல் தோல் இருபத்தெட்டு வயதில் நின்றுவிட்டிருந்தது.

நாடகம் முடிந்து கூட்டம் கலைகிறபோது செபமாலை மேடைப் படியிறங்கக் கை கேட்டாள், வியாகுலம் கொடுத்தாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வருகையில், பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருத்தி, பாட்டில் உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா நல்லாப் பாடினீங்க, இது யாரு, உங்க மகளா என்று கேட்டாள்.

செபமாலை வியாகுலத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"மகளா?" என்றாள். "என் மாமியா."

வியாகுலத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பெரிய வெள்ளியில் யாரும் சிரிப்பதில்லை, மைதானத்தில் சிலுவையை இன்னும் இறக்கவில்லை, டாக்டர் சொன்ன நாற்பது நாளுக்கு இன்னும் ஏழு நாள் பாக்கி இருந்தது. அவள் வாயை முந்தானையால் அடைத்தாள், அடக்க அடக்க அது பொங்கியது, முப்பத்தோரு வருஷம் முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம் பாதியில் நின்றுபோன சிரிப்பு, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, தோளைக் குலுக்கி, கண்ணில் நீர் வர வைத்து, போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி மைதானம் முழுவதும் கேட்டது.

"சிரிக்காதட்டி, சுருக்கம் விழுந்திரும்" என்றாள் மைனி.

விழுந்தது. வாயின் இடது ஓரத்தில், சின்னப் பிறைபோல ஒரு மடிப்பு. சிரித்து ஓய்ந்த பிறகும் அது போகவில்லை. வியாகுலம் விரலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.